ஊருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது: சீவலப்பேரி ரோடும் நம்பகமான மெக்கானிக்கும்

திருநெல்வேலிப் பக்கம் எந்தக் கிராமத்து டீக்கடையில் நின்று கேட்டாலும் இரண்டு கேள்விகளுக்கு உடனே பதில் கிடைத்துவிடும். ஒன்று, “இந்த ரோட்டுல எந்த இடத்துல பாத்துப் போணும்?” இன்னொன்று, “வண்டியில பிரேக் சரியில்ல அண்ணாச்சி, யாருகிட்ட விடலாம்?” பதில் சொல்பவர் யோசிக்கக்கூட மாட்டார். எந்த வளைவு, எந்த நேரம், எந்தப் பட்டறை, அந்தப் பட்டறையில் எந்தப் பையன் கை வைத்தால் வேலை சரியாக இருக்கும் என்பது வரை சொல்லிவிடுவார்.

ஆனால் இந்த இரண்டு பதில்களும் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்காது, காவல் நிலையத்தில் இருக்காது, பஞ்சாயத்து ஆபீசிலும் இருக்காது. ஊர்க்காரர்கள் தலைக்குள் மட்டும் இருக்கும். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வேனில் வருகிறவருக்கும், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும், ஒப்பந்த வேலைக்கு வந்த டிரைவருக்கும் அது போய்ச் சேராது. ரோட்டுப் பாதுகாப்பு, நம்பகமான வேலைக்காரர் என்ற இரண்டும் தனித்தனி விஷயங்கள் போலத் தெரியும். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் இரண்டுக்கும் அடியில் ஒரே பிரச்சினைதான் இருக்கிறது. அதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதப் பார்க்கிறேன். சீவலப்பேரியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

எந்த மாதிரி ரோடு

பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கிறது சீவலப்பேரி. சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கும் இடம். வெளியூர்க்காரர்களுக்கு 1994-ல் வந்த ‘சீவலப்பேரி பாண்டி’ படத்தால் தெரிந்த பெயர். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு துர்க்கை அம்மன் கோயிலாலும் சுடலைமாடன் கோயிலாலும் தெரிந்த பெயர். ஆற்றை ஒட்டி நெல்லும் வாழையும். வடக்கே மணியாச்சி பக்கம் போகப் போக கரிசலும் மானாவாரியும்.

அப்படியென்றால் அந்த ரோட்டில் என்னவெல்லாம் ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். டவுன் பஸ், மினி பஸ், பள்ளிக்கூட வேன், வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ, டிரெய்லர் மாட்டிய டிராக்டர், அறுப்புக் காலத்தில் கதிர் அறுக்கும் மெஷின், மூன்று பேர் ஏறிய டூ வீலர், ஆட்டு மந்தை, கொடை விழா நாட்களில் வெளியூர் வேன்கள். இவை எல்லாம் ஒரே அகலமில்லாத தார் ரோட்டில், நடந்து போகிறவர்களோடு சேர்ந்து. மானாவாரிப் பக்கம் உளுந்தையும் சோளத்தையும் ரோட்டிலேயே பரப்பிவிட்டு, வண்டி ஏறி உதிரட்டும் என்று விடுகிற பழக்கமும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஐகிரவுண்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். அடிபட்டவரை அங்கே கொண்டு போக இதே ரோட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

இது சீவலப்பேரிக்கு மட்டும் உரிய நிலைமை கிடையாது. தமிழ்நாட்டில் ஆற்றோரத்துக் கிராம ரோடு என்றாலே பெரும்பாலும் இப்படித்தான்.

பத்துப் பேர் சாக வேண்டும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளில் ‘கரும்புள்ளி’ என்று சில இடங்களை அடையாளம் காண்கிறது. அதற்கான இலக்கணம் இது: சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், கடந்த மூன்று காலண்டர் ஆண்டுகளில் சாவோ படுகாயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த இடம் பட்டியலில் ஏறும், சரிசெய்யப் பணம் ஒதுக்கப்படும்.

பெரிய நெடுஞ்சாலைக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அங்கே வண்டிகள் அதிகம், விபத்தும் எண்ணிக்கையில் தெரியும். கிராமத்து ரோட்டுக்கு இதே மாதிரி கணக்குப் போட்டால் என்ன ஆகும்? வண்டிகள் குறைவு. ஒரே வளைவில் மூன்று வருஷத்துக்குள் ஐந்து பெரிய விபத்து நடப்பது அபூர்வம். ஒரு சாவு இந்த வளைவில், அடுத்தது இரண்டு கி.மீ. தள்ளி, இன்னொன்று பாலத்தில் என்று சிதறிக் கிடக்கும். கூட்டினால் பெரிய எண். தனித்தனியாகப் பார்த்தால் எந்த இடமும் பட்டியலில் வராது.

மொத்தத்தின் அளவையும் பார்த்துவிடலாம். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறப்பு 17,884. நாடு முழுக்க இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் டூ வீலரில் போனவர்கள். ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்: 2016-ல் தமிழ்நாட்டில் 17,218 ஆக இருந்த இறப்பு 2018-ல் 12,216 ஆகக் குறைந்தது. ஆகவே இது தலைவிதி இல்லை, குறைக்க முடிகிற எண். அதே மாதிரி, கவனம் போனால் மறுபடி ஏறுகிற எண்.

போலீஸ் பதிவுகளை மொபைல் ஆப் வழியாக ஒரே இடத்தில் சேர்க்கும் ‘ஐராட்’ என்ற தரவுத்தளத்தை ஐஐடி மெட்ராஸும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன. நல்ல முயற்சி. ஆனால் அதிலும் விபத்து நடந்த பிறகுதான் ஒரு வரி பதிவாகும்.

நடக்க இருந்து நடக்காமல் போன விபத்து? சாப்ட்வேரில் நாங்கள் இதை வேறு விதமாகப் பார்ப்போம். சர்வர் விழுந்த பிறகு எழுதுகிற அறிக்கை ஒன்று. விழுவதற்கு முன்னால் லாக்கில் நூறு எச்சரிக்கை வரிகள் ஓடியிருக்கும், அது இன்னொன்று. அந்த நூறு வரியைப் படிக்கிற பழக்கம் இருக்கிற டீமில் சர்வர் அவ்வளவாக விழாது. விமானத் துறையில் இதை 1976-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். நாசா நடத்தும் அமைப்புக்கு விமானிகள் ‘மயிரிழையில் தப்பித்தோம்’ வகைச் சம்பவங்களை எழுதி அனுப்பலாம். சாலைக்கும் இது உண்டு. 1960-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் பெர்கின்ஸ், ஹாரிஸ் என்ற இருவர், சந்திப்புகளில் நின்று திடீர் பிரேக், திடீர் விலகல் ஆகியவற்றை எண்ணும் முறையை உருவாக்கினார்கள். பின்னால் சுவீடன்காரர்கள் அதை இன்னும் செம்மைப்படுத்தினார்கள். விபத்தை எண்ண வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திடீர் பிரேக்கை எண்ண ஒரு சாயங்காலம் போதும்.

டீக்கடை அண்ணாச்சி அத்தனை சாயங்காலமும் அங்கேதான் இருக்கிறார். அவர் தலைக்குள் இருப்பது இந்தக் கணக்குதான்.

வளைவும் பிரேக்கும் ஒரே கணக்கு

ஒரு வளைவு ஏன் ஆபத்து என்பதைக் கணக்காகப் பார்த்தால் ரொம்ப எளிமை. வண்டி ஓட்டுகிறவருக்கு முன்னால் எவ்வளவு தூரம் தெரிகிறது, அந்தத் தூரத்துக்குள் வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி.

நிற்கும் தூரத்துக்கு இரண்டு பங்கு. முதல் பங்கு, கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்கை அழுத்தும் வரை வண்டி ஓடும் தூரம். கவனமாக இருப்பவருக்கு ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பங்கு, பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். நல்ல பிரேக், நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் வேகம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் குறையும் என்று கொள்ளலாம்.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்: 12.5 மீட்டர் யோசனைக்கு, 7 மீட்டர் பிரேக்குக்கு. மொத்தம் சுமார் 19 மீட்டர்.

50 கி.மீ. வேகத்தில்: 21 மீட்டரும் 19 மீட்டரும் சேர்ந்து 40 மீட்டர்.

60 கி.மீ. வேகத்தில்: 25 மீட்டரும் 28 மீட்டரும் சேர்ந்து 53 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம்தான்.

இப்போது ஒரு வளைவில் 40 மீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 50-ல் வருகிற வண்டி, பிரேக் நன்றாக இருந்தால், மாட்டின் மூக்குக்கு முன்னால் நின்றுவிடும். அதே வண்டியில் பிரேக் ஷூ தேய்ந்து, பாதி சக்திதான் இருக்கிறது என்றால்? நிற்க 59 மீட்டர் வேண்டும். தெரிந்தது 40 மீட்டர்தான். கணக்குப் போட்டால், தடையில் மோதும்போது வண்டி இன்னும் மணிக்கு சுமார் 35 கி.மீ. வேகத்தில் இருக்கும். நடந்து போகிற பெரியவருக்கு அந்த 35 போதும்.

ரோடும் மெக்கானிக்கும் சேருகிற இடம் இதுதான். வளைவைச் சரிசெய்தாலும் ஒரு உயிர் பிழைக்கும், பிரேக்கைச் சரிசெய்தாலும் அதே உயிர் பிழைக்கும். எழுதப்பட்டிருக்கிற சட்டமும் திட்டமும் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கின்றன. டீக்கடைக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

கருவேலம், பிறகு வேகத்தடை

வளைவில் தெரியும் தூரத்தைக் கூட்ட, பல இடங்களில் அரிவாள் போதும். ரோட்டோரம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம்தான் பார்வையை மறைக்கிறது. ‘இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்’ விதிப்படி 50 கி.மீ. வேகத்துக்கு 60 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும், 30 கி.மீ.க்கு 30 மீட்டர். அவர்கள் யோசனை நேரத்தை இரண்டரை விநாடி என்று தாராளமாக வைப்பதால் என் கணக்கைவிட எண் கூடுதல். வளைவின் உள்பக்கத்தில் சில மீட்டர் அகலத்துக்குக் கருவேலத்தை வெட்டினால் பல இடங்களில் இது கிடைத்துவிடும். ஆனால் மழைக்குப் பிறகு மறுபடி முளைக்கும். வேரோடு எடுக்காவிட்டால் வருஷா வருஷம் வெட்ட வேண்டும்.

அடுத்தது வேகத்தடை. ஊரில் ஒரு விபத்து நடந்தால் முதல் கோரிக்கை இதுதான். துறை தாமதித்தால் ஊரே மண்ணையும் ஜல்லியையும் கொட்டி ஒன்றைப் போட்டுவிடும். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

சரியான வேகத்தடைக்கு அளவு உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1988-ஆம் வருஷ வழிகாட்டி சொல்வது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி வளைவு. இதைத் தாண்டும் வேகம் மணிக்கு 25 கி.மீ. இந்த 3.7 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1970-களில் பிரிட்டிஷ் சாலை ஆய்வகத்தில் வாட்ஸ் என்பவர் செய்த சோதனைகளுக்குப் போகும். அவர் வைத்தது 12 அடி. அதுதான் மெட்ரிக்கில் 3.7 ஆனது. 17 மீட்டர் ஆரம் என்பது தனி ரகசியம் ஒன்றுமில்லை: 3.7 மீட்டர் நாணும் 10 செ.மீ. உயரமும் உள்ள வில்லுக்குக் கணக்குப் போட்டால் ஆரம் 17 மீட்டர்தான் வரும்.

ஏன் இவ்வளவு நீளம்? குட்டையான, செங்குத்தான மேட்டில் வேகமாகப் போகிற கார் சக்கரம் ஒரு அடி வாங்கும், ஸ்பிரிங் அதை விழுங்கிவிடும், உள்ளே இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. மெதுவாகப் போகிற டூ வீலர்தான் தூக்கி எறியப்படும். அதாவது யாரை நிறுத்த வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவரைக் கீழே தள்ளும். 3.7 மீட்டர் மேட்டில் வேகம் கூடக் கூட உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். மெதுவாகப் போனால் ஏறி இறங்குவது மட்டும்தான் தெரியும்.

கொத்தனாருக்குச் சொல்ல ஒரு எளிய வழி: விளிம்பிலிருந்து 92 செ.மீ. உள்ளே உயரம் ஏழரை செ.மீ. இருக்க வேண்டும், நடுவில் 10 செ.மீ. இந்த இரண்டு இடத்தில் அளவுக்கோல் வைத்துப் பார்த்தால் போட்டது சரியா என்று தெரிந்துவிடும். கறுப்பு வெள்ளைப் பட்டை, 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை இரண்டும் கட்டாயம். பெயின்ட் அழிந்த வேகத்தடை ராத்திரியில் ஒரு பொறி. சின்ன ரோடு பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் வேகத்தடை சின்ன ரோட்டில்தான் வர வேண்டும் என்பதையும் அந்த வழிகாட்டி சொல்கிறது.

மெக்கானிக்கை ஏன் நம்புவது கஷ்டம்

இனி இரண்டாவது கேள்வி. நம்பகமான வேலைக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொருளாதாரக்காரர்கள் வாங்கும் பொருட்களை மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் வகை, வாங்கும் முன்பே தெரிவது: கத்தரிக்காயில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தே சொல்லலாம். இரண்டாம் வகை, பயன்படுத்திய பிறகு தெரிவது: ஹோட்டல் சாம்பார். இந்தப் பிரிவை 1970-ல் பிலிப் நெல்சன் எழுதினார். மூன்றாம் வகையை 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் தெரியாதது. டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்றார், செய்தாயிற்று, உடம்பு சரியாகிவிட்டது. ஆபரேஷன் தேவைதானா? அது உங்களுக்குக் கடைசி வரை தெரியாது. ரிப்பேர் வேலை முழுக்க இந்த மூன்றாம் வகை.

இதில் மூன்று விதமாக ஏமாறலாம். தேவையில்லாததைச் செய்வது, செய்யாததற்குக் காசு வாங்குவது, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது. முதல் இரண்டும் பர்ஸைத்தான் தொடும். மூன்றாவது உயிரைத் தொடும். பிரேக் ஷூவை மாற்றாமல் கேபிளை மட்டும் இறுக்கிக் கொடுத்தால் அன்றைக்கு பிரேக் பிடிக்கும், பில்லும் குறைவு, வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். அந்த 59 மீட்டர் வளைவில்தான் தெரியும்.

ஒரு ஆய்வைச் சொல்லலாம். ஆஸ்திரியாவில் ஆராய்ச்சியாளர்கள் ஒரே மாதிரி பழுதாக்கிய கம்ப்யூட்டர்களைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். சில கடைகளில் ‘பில்லை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னார்கள். 2016-ல் வெளியான முடிவு: அந்த ஒரு வரிக்குச் சராசரி பில் சுமார் 80 சதவீதம் கூடியது. கடைக்காரர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தால் சாதாரண மனிதர் கை எப்படி நீளும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

நம் ஊர்களில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஊர்த் தச்சருக்கும் கொல்லருக்கும் வேலைக்கு வேலை கூலி கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் பங்கு அளந்து கொடுப்பார்கள். கலப்பை எத்தனை தடவை உடைந்தாலும் அதே பங்குதான். ஆகவே உடையாத கலப்பை செய்வதில் அவருக்கே லாபம். தேவையில்லாத வேலை செய்ய எந்தக் காரணமும் இல்லை. பொருளாதாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான அமைப்பு. ஆனால் அது பிறப்பால் கட்டிப்போட்ட அமைப்பு. பங்கு போதவில்லை என்றாலும் அவர் வேறு ஊருக்குப் போக முடியாது, அவர் மகன் வேறு தொழிலுக்குப் போக முடியாது. அது போனது நல்லதுதான். போனபோது அதோடு சேர்ந்து போன ‘ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்ற ஒரு விஷயத்துக்கு மட்டும் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

சிபாரிசு என்றால் என்ன எழுத வேண்டும்

“நல்ல மனுஷன், நம்ம ஆளு” என்பது சிபாரிசு இல்லை. மூன்றாம் வகை வேலையில் குணத்தைவிட தடயம் முக்கியம். நான் என் நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இந்த ஐந்து வரிகளை எழுதி வைக்கிறேன்:

1. என்ன வேலை, எந்த மாதம். “பைக் சர்வீஸ்” என்று போடாமல், “பின் சக்கர பிரேக் ஷூ மாற்றியது” என்று.

2. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுத்தாரா. கேட்காமலே கொடுத்தால் அது பெரிய அடையாளம். மூன்றாம் வகை வேலையை இரண்டாம் வகையாக மாற்றுவது இந்த ஒரு பழக்கம்தான்.

3. ஆறு மாதம் கழித்து அந்த வேலை நின்றதா. சிபாரிசை வேலை முடிந்த அன்றைக்கே எழுதக் கூடாது.

4. “இது வேண்டாம், இன்னும் ஓடும்” என்றோ, “இது எனக்குத் தெரியாது, பாளையங்கோட்டையில காட்டுங்க” என்றோ எப்போதாவது சொன்னாரா. வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன ஒரு வார்த்தைக்கு மற்ற எல்லாவற்றையும்விட எடை அதிகம்.

5. மறுபடி அவரிடமே போனேனா.

இதே அளவுகோல் பஞ்சர் கடைக்கும், எலக்ட்ரீஷியனுக்கும், கொத்தனாருக்கும் பொருந்தும். டிராக்டர் டிரெய்லர் கட்டும் வெல்டிங் பட்டறைக்கு ஆறாவதாக ஒன்று சேர்ப்பேன்: டிரெய்லர் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டாமல் வெளியே விடுகிறாரா? ராத்திரியில் லைட் இல்லாத டிரெய்லர் ரோட்டோரம் நின்றால், பின்னால் வரும் டூ வீலருக்கு அது கறுப்புச் சுவர். சில நூறு ரூபாய்க்கு ரிஃப்ளெக்டர் பட்டை கிடைக்கும். உரிமையாளர் கேட்காவிட்டாலும் ஒட்டிக் கொடுக்கிற பட்டறைக்காரரை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

ஒரு எச்சரிக்கை. மோசமான வேலைக்காரர் பட்டியல் போடாதீர்கள். சின்ன ஊரில் அது சண்டையில் முடியும், சில நேரம் சாதியில் முடியும். நல்ல வேலையை மட்டும் தேதியோடு எழுதினால் போதும். பெயர் வராதவர் ஏன் வரவில்லை என்று அவரே யோசிப்பார். பட்டியல் ஒரு தெருக்காரர்கள், ஒரு சாதிக்காரர்கள் எழுதியதாக மட்டும் ஆகிவிடாமலும் பார்க்க வேண்டும்.

ரோட்டுக்கு எழுதுவது

மெக்கானிக்கைப் பற்றி எழுதினால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயன். ரோட்டைப் பற்றி எழுதினால் அதற்குச் சட்டத்தில் ஒரு தனி எடை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. சாலையை வடிவமைப்பவர், போடுபவர், பராமரிப்பவர் விதிமுறைத் தரத்தைப் பின்பற்றாமல் விட்டு, அதனால் யாராவது இறந்தாலோ ஊனமுற்றாலோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொகை பெரிதில்லை. முக்கியம் வேறு இடத்தில் இருக்கிறது: நீதிமன்றம் கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று, அந்த இடம் ஆபத்தானது என்று பொறுப்பாளருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா என்பது. டீக்கடையில் நூறு பேருக்குத் தெரிந்திருந்தால் அது கணக்கில் வராது. ரசீது எண்ணோடு ஒரு மனு போயிருந்தால் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது.

முதலில் ரோடு யாருடையது என்று பார்க்க வேண்டும். மைல்கல்லின் தலை நிறம் உதவும்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, கறுப்போ நீலமோ என்றால் மாவட்ட ரோடு, ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில் போட்டது. மாநில, மாவட்ட ரோடுகள் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையிடம். மற்ற கிராம ரோடுகள் பஞ்சாயத்து யூனியனிடமோ கிராமப் பஞ்சாயத்திடமோ இருக்கும். தப்பான ஆபீசுக்குப் போன மனு அங்கேயே தூங்கும்.

மனுவில் “விபத்து அபாயம் உள்ளது, தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று மட்டும் எழுதினால் பதிலும் அதே மாதிரி வரும். இப்படி எழுதிப் பாருங்கள் (எண்கள் உதாரணத்துக்கு): “இந்த மைல்கல்லுக்கு 200 மீட்டர் கிழக்கே உள்ள வளைவில் பார்வைத் தூரம் டேப் வைத்து அளந்ததில் 35 மீட்டர். 50 கி.மீ. வேகத்துக்குத் தேவை 60 மீட்டர். காரணம், உள்பக்கம் உள்ள கருவேலம். இரண்டு சாயங்காலம் 4 முதல் 6 மணி வரை எண்ணியதில் 14 திடீர் பிரேக். கருவேலத்தை அகற்றி எச்சரிக்கைப் பலகை வைக்கக் கோருகிறோம்.” கேட்பது என்ன, எங்கே, எவ்வளவு என்று மூன்றும் அதில் இருக்கிறது. இளநிலைப் பொறியாளர் அதை அப்படியே மதிப்பீட்டில் சேர்க்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. தாமிரபரணிக் கரை முழுக்க ரோடுகளும் பாலங்களும் அடி வாங்கின. வெள்ளம் வடிந்த பிறகு தார் மேலே பார்க்க நன்றாக இருக்கும். ஓரத்து மண் அரித்துப் போய், தார் விளிம்பு ஒரு படி மாதிரி நிற்கும். எதிரே பஸ் வரும்போது ஒதுங்குகிற டூ வீலர் அந்தப் படியில் இறங்கினால் மறுபடி ஏற முடியாமல் சரியும். விளிம்புக்கும் மண்ணுக்கும் எத்தனை செ.மீ. வித்தியாசம் என்று ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்தால் போதும்.

மனு கொடுக்க இடங்கள் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முதல்வர் உதவி மைய எண் 1100. கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபையில் தீர்மானமாக ஏற்றினால் அது பதிவேட்டில் நிற்கும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ‘என் மனு மீது என்ன செய்தீர்கள்’ என்று கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

அடிபட்ட பிறகு

எல்லாம் செய்தும் ஒருநாள் யாராவது விழலாம். அப்போது தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவரை போலீஸோ ஆஸ்பத்திரியோ பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாக வரச் சொல்லியும் இழுக்க முடியாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது, 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே வந்துவிட்டது. “கேஸுல மாட்டிக்கிடுவோம்” என்ற பயத்துக்கு இனி இடமில்லை. அடுத்தது, 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிகள் எவை என்று முன்பே விசாரித்து எழுதி வைப்பது, நல்ல மெக்கானிக் பெயரை எழுதி வைப்பதைவிட அவசரம்.

ஆகவே என் யோசனை ரொம்பச் சின்னது. ஒரு கோடு போட்ட நோட்டு. முன்பக்கத்திலிருந்து ரோடு: இடம், தேதி, என்ன பார்த்தோம், எவ்வளவு அளந்தோம், மனு எண். பின்பக்கத்திலிருந்து வேலைக்காரர்கள்: மேலே சொன்ன ஐந்து வரி. நூலகத்திலோ, டீக்கடையிலோ, ரேஷன் கடை பக்கத்திலோ, எல்லாத் தெருக்காரரும் தயங்காமல் வருகிற ஒரு இடத்தில் அது கிடக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம்தான். ஆனால் அங்கே போனது மூன்றாம் நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும், குரூப்பில் இல்லாதவருக்குக் கிடைக்கவே கிடைக்காது.

உங்கள் ஊரில் முதல் பக்கத்தை எழுதுவதென்றால், மழைக்காலம் வருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் டேப்பும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு, டீக்கடையில் சொல்கிற அந்த வளைவுக்குப் போய் அளந்துவிட்டு வாருங்கள். ரோட்டுக்குள் இறங்காமல் ஓரத்தில் நின்று அளங்கள். கூட ஒருவர் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.